முத்தும் நொதியமும்: மன்னார்க் கடலில் எழுந்த ஒரு வினாவின் வரலாறு

ஈழத்தின் வடமேற்குக் கரையோர வரலாற்றை எழுதப் புகுந்தோர் முத்துக்குளிப்பைக் குறிப்பிடாது விட்டதில்லை. எனினும் அவர்கள் எழுதியவற்றுட் பெரும்பகுதி வருமானத்தின் வரலாறாகவே அமைந்துவிட்டது. எந்த ஆண்டிற் குளிப்பு நடைபெற்றது, எத்தனை தோணிகள் சென்றன, ஆயிரம் சிப்பி என்ன விலைக்கு ஏலம்போயிற்று, அரசிறை எவ்வளவு என்பனவே நமக்குக் கிடைக்கும் செய்திகள். இச்செய்திகள் கணக்கேடுகளிலிருந்து பெறப்பட்டமையால் வரலாறும் கணக்கேட்டின் சாயலைப் பெற்றதில் வியப்பில்லை. ஆயின், அக்கடலைச் சார்ந்து மற்றொரு வரலாறும் உண்டு. சிப்பியினுள்ளே முத்து எவ்வாறு உண்டாகின்றது என்ற வினாவின் வரலாறே அது. அவ்வினா மன்னார்க் கடலில் விஞ்ஞான முறையில் எழுப்பப்பட்டு, ஓரளவு ஆராயப்பட்டு, பின்னர் இறைக்கணக்கின் தேவை முடிந்ததும் கைவிடப்பட்டது. அதற்குரிய விடையின் முக்கியமான ஒரு பகுதி 1996ஆம் ஆண்டில், ஒரு நொதியத்தின் வடிவில், யப்பானிலிருந்து வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொடர்பை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் தளங்களைக் கடலோடிகள் 'பார்' என வழங்குவர். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேர் மேற்கே, கரையிலிருந்து பல மைல் தூரத்தில், ஏறத்தாழ ஐந்து தொடக்கம் பத்துப் பாகம் ஆழத்தில் இப்பார்கள் பரந்து கிடக்கின்றன. பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், கரைத்தீவுப் பார், வங்காலைப் பார் என்றவாறு அவற்றுக்கு வழங்கும் பெயர்கள் யாவும் கடலோடிகள் இட்டவை. பின்வந்த ஐரோப்பிய அளவையாளர் தம் வரைபடங்களில் அப்பெயர்களையே எழுதிக்கொண்டனர். கடலடியின் புவியியலை முதலில் அறிந்தோர் யாவர் என்பதற்கு இப்பெயர்களினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கடலின் முத்து மிகப் பழங்காலத்திலேயே புகழ் பெற்றிருந்தது. தப்ரபேன் எனப்பட்ட ஈழம் இந்தியாவிலும் மிகுதியாகப் பொன்னையும் பெருமுத்துக்களையும் தருவதென மெகஸ்தெனிஸ் கூறியதாகப் பிளினி எழுதுகின்றார். தேவநம்பியதீசன் முடிசூடியபோது எண்வகை முத்துக்கள் கடலிலிருந்து வெளிப்பட்டன என்பது மகாவம்சம் தரும் மரபு. எதிர்க்கரையில் கொற்கையும் இக்கரையில் மாந்தையும் துறைமுகங்களாய்ச் செழித்தமைக்கு முத்து வணிகமும் காரணமாயிற்று. முத்தின் பிறப்பைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தும் கடல்கடந்து ஒத்திருந்தது. சுவாதி நாளிற் பெய்யும் மழைத்துளி வாய்திறந்த சிப்பியுள் விழுந்து முத்தாகும் என்பது நம்மவர் நம்பிக்கை. வானத்துப் பனித்துளியே முத்தாகும் என்பது உரோமர் நம்பிக்கை. முத்துக்கு வெளியிலிருந்து ஏதோவொன்று வந்து சேரவேண்டும் என்னும் எண்ணம் இரண்டிலும் பொதுவாயுள்ளதைக் கவனிக்க வேண்டும். இவ்வெண்ணம் விஞ்ஞானிகளையும் நெடுங்காலம் விடாது பற்றியிருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்ததும், தென்பாண்டிக் கரையிலிருந்து பரதவர் பலரைக் கொணர்ந்து குடியேற்றியதும், முத்துப் பார்கள்மீது அவர்கள் வைத்த கண்ணைக் காட்டுகின்றன. 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் மன்னாரைத் தமதாக்கினர். ஆங்கிலேயருக்கு 1796 தொடக்கம் சில ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்த முத்து வருமானம் அவர்களது எதிர்பார்ப்பையும் விஞ்சியது. குளிப்பை நேரில் மேற்பார்வை செய்யவேண்டித் தேசாதிபதி நோர்த் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு கடல் அரிப்புக்குத் தப்பிய அளவில் எஞ்சி நிற்கின்றது.

குளிப்பு நடைபெற்ற முறையைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் நமது பொருளின் முதற் குறிப்பு அதிலேயே மறைந்துள்ளது. பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில், கடல் அமைதியாயிருக்கும்போது குளிப்பு நடைபெறும். முன்னதாகவே அரசாங்க மேற்பார்வையாளர் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்தின் பெறுமதியை மதிப்பிட்டு அறிவிப்பர். அறிவித்தல் வெளியானதும் மனிதர் வாழாத மணல்வெளியில் ஓலைக் கொட்டில்களாலான நகரமொன்று சில நாள்களில் எழும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், எருக்கலம்பிட்டி ஆகிய இடங்களிலிருந்தும், பிற்காலத்தில் அரபு நாட்டுக் கரைகளிலிருந்துங்கூடக் குளிகாரர் வந்தனர். தோணித் தலைவன் சம்மட்டி; சுக்கான் பிடிப்பவன் தண்டேல்; சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவன் கடற்கட்டி. நள்ளிரவில் தரைக்காற்றோடு புறப்படும் தோணிகள் விடியலிற் பாரை அடையும். குளிகாரன் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் கால்வைத்து இறங்கி, ஒரு நிமிடம் வரையில் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைக்க, மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். பிற்பகற் கடற்காற்றோடு தோணிகள் திரும்பும். கரையில் 'கொட்டு' எனப்படும் அடைப்பினுட் சிப்பிகளை மூன்று கூறிடுவர். இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளிகாரருக்கு. அன்று மாலையே அரசின் பங்கு ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்படும்.

ஏலத்தில் எடுத்தவன் சிப்பியை உடனே திறப்பதில்லை. குவித்து வைத்து அழுகவிடுவான். ஈக்களும் புழுக்களும் தசையைத் தின்று தீர்க்க ஒரு வாரமளவு செல்லும். அதன் பின்னர் எஞ்சிய கூழை மரத்தொட்டியில் இட்டுக் கடல்நீரால் அலசி, அடியிலே படியும் முத்துக்களைப் பொறுக்குவர். அந்த நாற்றம் பல மைல்களுக்கு அப்பாலும் வீசியதென்று அவ்விடத்தைக் கண்ட பலரும் எழுதியுள்ளனர். முத்தை ஆக்கிய தசையே முத்தைப் பெறுவதற்கு இடையூறாகக் கருதப்பட்டு அழிக்கப்பட்டது. இங்கு சொல்லாராய்ச்சி ஒன்றையும் இடையிற் கூறலாம். உயிரிரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்களை நாம் 'நொதியம்' என்கின்றோம். நொதித்தல் என்ற வினையடியாகப் பிறந்த சொல் அது. ஐரோப்பியர் வழங்கும் சொல்லும் புளித்த மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. கொட்டுக்களிற் சிப்பி நொதித்தபோது வேலை செய்தவையும் நொதியங்களே. அச்சிப்பி உயிரோடிருந்தபோது முத்தை ஆக்கியவற்றுள் ஒன்றும் நொதியமே. முன்னதன் பயனை வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

இனி வினாவுக்கு வருவோம். பார்கள் ஆண்டுதோறும் பலன் தருவனவல்ல. 1837இல் நடந்த குளிப்பின் பின்னர் 1855 வரையிற் பார்கள் வெறுமையாய்க் கிடந்தன. வருமானம் நின்றபோதுதான் அரசு சிப்பியின் வாழ்க்கையை அறிய விழைந்தது. இலங்கையிற் பிறந்தவரும் படை மருத்துவராகக் கடமையாற்றியவரும் இந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1852இல் நூலொன்றை வெளியிட்டவருமான கெலார்ட், 1857இல் முத்துச் சிப்பியை ஆராய அமர்த்தப்பட்டார். சிப்பி தன்னைப் பாறையோடு பிணைக்கும் இழைகளை அறுத்துக்கொண்டு வேறிடம் பெயர்ந்து புதிய இழைகளை ஆக்கவல்லது என்பதை அவர் கண்டார். சிப்பியின் உடலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருப்பதையும் கண்டு, முத்து உண்டாவதற்கு அவையும் காரணமாகலாம் என்றார். இக்கருத்தோடு அவர் நிற்கவில்லை. அப்புழுக்களை வேறு பார்களிலுள்ள சிப்பிகளுக்குத் தொற்றச் செய்து முத்துக்களைப் பெருக்கலாமோ என்றும் சிந்தித்தார். 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலிலேயே அவர் உயிர்நீத்தார். அவரது ஆராய்ச்சி அவரோடு நின்றது; அப்போது பார்கள் மீண்டும் பலன் தரத் தொடங்கியிருந்தன.

இதே நாடகம் நாற்பதாண்டுகளின் பின்னர்ப் பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. 1891ஆம் ஆண்டுக் குளிப்பின் பின் பத்தாண்டுக்கு மேலாகப் பார்கள் வறண்டன. இலிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்ணெல் என்பவரைத் துணைக்கொண்டு 1902 சனவரியில் இலங்கை வந்தார். சில மாதங்களில் ஹேர்ட்மன் திரும்பிவிட, ஹோர்ணெல் தங்கி ஆய்வை நடத்தினார். காலியில் கடல் உயிரியல் நிலையமொன்றும் அமைக்கப்பட்டது. அவர்களின் அறிக்கையை உரோயல் சங்கம் 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பெருந் தொகுதிகளாக வெளியிட்டது. மன்னார்க் கடலின் உயிரினங்களைப் பற்றி அதற்கு நிகரான ஆவணம் அக்காலத்தில் வேறில்லை. பெரிய பாரில் இளஞ் சிப்பிகள் மீண்டும் மீண்டும் கோடிக்கணக்கிற் படிந்தும் முதிருமுன்னரே மறைந்துவிடுவதை அவர்கள் விளக்கினர். தென்மேல் பருவக்காற்றின் கொந்தளிப்பு, நகரும் மணல், கிளாத்தி, திருக்கை முதலிய மீன்கள் ஆகியவை காரணமென்றும், இளஞ் சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு எடுத்துச் சென்று இடவேண்டுமென்றும் கூறினர்.

முத்தின் பிறப்பைப் பொறுத்தவரையில், சிப்பியின் தசையில் அமைந்த தரமான முத்துக்களுக்குக் கரு நாடாப்புழு ஒன்றின் இளம்பருவமே என்பது ஹேர்ட்மனின் துணிபு. அப்புழுவின் முதிர்பருவம் சிப்பியை உண்ணும் பெருமீன்களின் குடலில் வாழ்வதாகவும் கொள்ளப்பட்டது. புழுவின் இறந்த உடலைச் சுற்றிச் சிப்பி எழுப்பும் கல்லறையே முத்து என்ற கருத்துப் பத்திரிகைகளின் வாயிலாகப் பெரிதும் பரவியது. கருத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழைய மழைத்துளியின் இடத்திற் புழு வந்து அமர்ந்ததேயன்றி, வெளியிலிருந்து வரும் பொருளே முத்துக்குக் காரணம் என்ற நோக்கு மாறவில்லை. இலிஸ்ரர் ஜேம்சன் என்னும் விலங்கியலாளர் 1912இல் இதனைக் கடுமையாகத் தாக்கினார். தாம் சோதித்த இலங்கை முத்துக்களின் நடுவே ஹேர்ட்மன் கூறிய புழுவைக் காணவில்லை என்று அவர் வாதிட்டார். முக்கியமானது கரு அன்று, கருவைச் சூழும் மேலணிக் கலங்களாலான பையே என்பது ஜேம்சன் முன்னரே வற்புறுத்தி வந்த கருத்து. சிப்பியின் ஓட்டை ஆக்கும் மென்மூடிக் கலங்கள் இடம்பெயர்ந்து தசையினுட் பையாக அமைந்தால், அங்கும் அவை தம் வழக்கமான வேலையையே செய்யும். வெளியே தகடாக அமையும் பொருள் உள்ளே உருண்டையாக அமையும். முத்து என்பது உருண்ட ஓடே. வினா அதனால் திசை மாறியது. 'சிப்பிக்குள் எது புகுந்தது' என்பது போய், 'கலங்கள் என்ன செய்கின்றன' என்பது வந்தது.

ஆனால் அத்திசையிற் செல்ல மன்னாரில் எவரும் எஞ்சியிருக்கவில்லை. 1903இற் குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் வந்தது. அத்தகைய ஆண்டு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. உடனே, 1906இல், பார்கள் யாவும் ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்கு இருபதாண்டு காலத்துக்குத் தனியார் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907க்குப் பின் கம்பனிக்குக் குளிப்பு வாய்க்கவில்லை, அது கலைந்தது. ஹோர்ணெல் 1908இற் சென்னை மாகாண மீன்பிடித் துறைக்குச் சென்று, அக்கரையின் சங்கையும் முத்தையும் தோணிகளையும் ஆராய்ந்து புகழ்பெற்றார். விஞ்ஞானியை வறுமைக் காலத்தில் அழைத்து, வளம் வந்ததும் ஏலக்காரனை அழைப்பது இக்கரையில் ஆங்கில ஆட்சியின் வழக்கமாயிருந்தது எனல் மிகையாகாது. 1905ஆம் ஆண்டின் கணக்கை வரலாற்றாசிரியர் மறவாது எழுதுவர். அவ்வெற்றியே ஆராய்ச்சியின் முடிவாயிற்று என்பதை எழுதுவோர் அரியர்.

யப்பானில் நிகழ்ந்தது வேறு. மிக்கிமோட்டோ 1893இல் அரைக்கோள வடிவான முத்தைச் செயற்கை முறையிற் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஷிகாவா, மிசே முதலியோர், ஒரு சிப்பியின் மென்மூடித் துண்டை உருண்டைக் கரு ஒன்றோடு சேர்த்து மற்றொரு சிப்பியின் தசையில் வைத்து முழுக்கோள முத்தைப் பெறும் முறையை வகுத்தனர். ஜேம்சன் போன்றோர் கொள்கையளவிற் கூறியதை அவர்கள் கையாற் செய்தனர். 1921இல் வளர்ப்பு முத்துக்கள் இலண்டன், பாரிஸ் சந்தைகளை எட்டியபோது இயற்கை முத்து வணிகம் நிலைகுலைந்தது. 1925இல் மன்னாரிற் குளிப்பு ஒன்று நடைபெற்றதாயினும் பழைய நாள்கள் திரும்பவில்லை. யப்பானியர் பயன்படுத்திய அக்கோயாச் சிப்பி, மன்னார்க் கடலின் சிப்பிக்கு அயலானதன்று. பிங்டாடா புக்காற்றா என்னும் பெயராலேயே இரண்டும் விஞ்ஞான நூல்களில் வழங்கி வந்துள்ளன. ஒரே இனமென்பாரும் மிக நெருங்கிய உறவினங்கள் என்பாருமாய் வகைப்பாட்டாளர் வேறுபடுவர். ஹேர்ட்மன் அறிக்கையில் அதே சிப்பி வேறொரு பெயரோடு காணப்படும்.

கலங்கள் செய்யும் வேலையை விளக்கும் திறவுகோல், வியப்புக்குரியவாறு, குருதியிலிருந்து கிடைத்தது. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டுக் குருதியிற் பெரிதும் இருகாபனேற்றாகவே செல்கின்றது. அது நுரையீரலில் மீண்டும் வாயுவாக மாறவேண்டும். குருதி நுரையீரலின் நுண்குழாயில் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரமே தங்குகின்றது. சாதாரண நிலையில் அம்மாற்றம் அதனினும் மிக மெதுவாகவே நிகழும். ஆகவே விரைவுபடுத்தும் பொருளொன்று குருதியில் இருத்தல் வேண்டும். 1933இற் கேம்பிறிச்சில் மெல்ட்ரம், ரவ்ற்றன் ஆகியோர் அதனைக் கண்டறிந்து காபோனிக் அன்ஐதரேசு எனப் பெயரிட்டனர். அமெரிக்காவில் ஸ்ராடி, ஓபிறையன் ஆகியோரும் அதே ஆண்டில் அதனை நிறுவினர். சில ஆண்டுகளில் கெயிலின், மான் ஆகியோர் அந்நொதியத்தில் நாகம் என்னும் உலோகம் உள்ளதைக் காட்டினர். காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து இருகாபனேற்றாக்குவதே அதன் தொழில். மிக விரைவாகத் தொழிற்படும் வகையின் ஒரு மூலக்கூறு ஒரு வினாடியில் ஏறத்தாழப் பத்து இலட்சம் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளை மாற்றவல்லது.

சிப்பிக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். முத்தும் ஓடும் பெரும்பாலும் கல்சியங் காபனேற்றே. கல்சியம் கடல்நீரில் உண்டு; காபனேற்றுக்குரிய மூலப்பொருளோ சிப்பியின் சுவாசத்திலும் நீரிலும் உள்ள காபன் சேர்வைகள். அவற்றை ஓடு உருவாகும் இடத்துக்கு வேண்டிய வடிவில் வழங்குவதற்கு இந்நொதியம் உதவும். அமெரிக்க உயிரியலாளர் வில்பர், இந்நொதியம் மெல்லுடலிகளில் இருப்பதை 1948 அளவிலே ஆராய்ந்தார். நொதியத்தைத் தடைசெய்யும் மருந்துகளை இட்டபோது ஓடு படிதல் குறைந்ததையும் 1955இல் அவரும் ஜோட்றியும் வெளியிட்டனர். ஹேர்ட்மன் தேடிய புழுவை இச்சோதனைகள் கருதவே இல்லை. உடம்பின் அன்றாட அனுசேபம் எதுவோ அதுவே முத்தையும் ஆக்குகின்றது என்ற நிலைக்கு ஆய்வு வந்துவிட்டது.

1973ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையாற் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு யூலையில், மன்னார் வளைகுடாவின் மறுகரையாகிய தூத்துக்குடியில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமியும் குழுவினரும் இக்கடலின் சிப்பியிலேயே முழுக்கோள வளர்ப்பு முத்தைப் பெற்றனர். அதே ஆண்டில் அமெரிக்காவிற் கோகென், போயர் ஆகியோரின் குழு, ஒரு பரம்பரையலகை வளைய வடிவ டி.என்.ஏ. ஒன்றில் ஒட்டிப் பற்றீரியாவினுட் செலுத்திப் பெருக்கும் முறையை வெளியிட்டது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரு தலைமுறைக்குள் ஒரே சிப்பியில் வந்து சந்தித்தன. வேண்டிய புரதத்துக்குரிய பரம்பரையலகைப் பிரித்து, பற்றீரியாவிற் புகுத்தி, அப்பற்றீரியாவைக் கொண்டே அப்புரதத்தை ஆக்குவித்தல் மீள்சேர்க்கைத் தொழினுட்பம் எனப்படும். மனிதக் காபோனிக் அன்ஐதரேசும் இவ்வாறே ஆய்வுகூடத் தேவைக்கென ஆக்கப்படுகின்றது. கண்ணழுத்த நோய்க்கான மருந்துகள் இந்நொதியத்தைத் தடுப்பனவாதலால், மருந்து ஆய்வாளருக்கு அது இன்றியமையாததாயிற்று.

1996இல் மியாமோட்டோ முதலிய யப்பானிய ஆய்வாளர், பிங்டாடா புக்காற்றாவின் முத்துக்களில் மினுங்கும் படையைக் கரைத்து, அதனுட் சிறைப்பட்டிருந்த புரதங்களைப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றின் பரம்பரையலகை மென்மூடியிலிருந்து பெற்று வாசித்தபோது, அது காபோனிக் அன்ஐதரேசை ஒத்திருந்தது. அதற்கு அந்நொதியத்தின் தொழிற்பாடும் உண்டென்று சோதனை காட்டியது. நாக்ரீன் எனப் பெயர்பெற்ற இப்புரதத்தின் அமைப்பு விந்தையானது. நொதியப் பகுதி இரண்டாகப் பிளவுபட்டு, நடுவே மூன்று அமினோவமிலங்கள் கொண்ட அலகு திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதியொன்று செருகப்பட்டுள்ளது. மனிதக் குருதியின் நொதியத்தில் இப்பகுதி இல்லை. ஏன் இது இங்கே?

இவ்வினாவுக்கு முத்தைக் கரைத்துப் பெறும் சிறிதளவு புரதத்தைக் கொண்டு விடைகாண இயலாது. ஒரு பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைச் சோதிக்க வேண்டுமாயின், பரம்பரையலகிலேயே அப்பகுதியை வெட்டிவிட்டுப் புரதத்தைப் புதிதாக ஆக்குவித்தல் வேண்டும். மீள்சேர்க்கை முறையின் பெறுமதி இங்கேதான் விளங்குகின்றது. 2005இல் மியாமோட்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, கல்சியமும் இருகாபனேற்றும் செறிந்த கரைசலில் நாக்ரீனை இட்டபோது கல்சியங் காபனேற்று வீழ்படிவாதல் தடைப்பட்டது. நடுப்பகுதி நீக்கப்பட்ட புரதத்தில் அத்தடுக்கும் ஆற்றல் பெரிதும் வேறுபட்டது. ஆகவே ஒரே புரதம் ஒரு முனையால் மூலப்பொருளை வழங்கி, மறு பகுதியால் அதன் படிவை அடக்குகின்றது என்று கொள்ள இடமுண்டு. முத்தின் ஒளி, ஒவ்வொன்றும் அரை மைக்கிரோன் அளவே தடிப்புள்ள அரகனைற்றுப் பளிங்குத் தகடுகள் சீராக அடுக்கப்படுவதனால் உண்டாவது. தடையின்றிப் படியும் சுண்ணாம்பிலிருந்து அவ்வொளி பிறவாது. முத்து உண்டாதற்கு நாக்ரீன் ஒன்றே போதுமெனக் கருதுதலும் கூடாது. அதன் பின்னர்ப் பல்வேறு புரதங்கள் அறியப்பட்டன; 2012இல் இச்சிப்பியின் பரம்பரைத் தொகுப்பின் வரைவும் யப்பானிலேயே வெளியாயிற்று.

இந்த ஆண்டுகளில் மன்னார்க் கரையில் நிகழ்ந்தவற்றையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வரலாற்று மாணவன் கடமையாகும். 1958இல் நடந்த குளிப்பைப் பற்றி இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிவலிங்கம் எழுதிய அறிக்கை, பழைய ஆய்வு மரபின் இறுதிக் கண்ணிகளில் ஒன்று. எண்பதுகளிற் போர் மூண்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியும் முசலிப் பகுதிக் கிராமங்களும் தம் மக்களை இழந்தன. தலைமுறை தலைமுறையாகச் சுழியோடிய குடும்பங்கள் பல புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தன. எஞ்சிய தமிழ் மீனவருக்கும் கடல் தடைசெய்யப்பட்ட வலயமாயிற்று. நாக்ரீனைப் பற்றிய முதற் கட்டுரை அமெரிக்க விஞ்ஞானக் கழக ஏட்டில் வெளியான 1996இல், மரிச்சுக்கட்டிக்கு நேரேயுள்ள பாரில் இறங்கி ஒரு சிப்பியை எடுத்து வருதற்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை.

போரை மட்டும் காரணமாகக் காட்டி அமைதல் பொருந்தாது. இழை அறுபட்டது 1860இலும் 1907இலும். சிப்பியை அறிந்தோர் கடலோடிகள். முத்தை விலைமதிக்க அறிந்தோர் வணிகர். உயிரியலை அறிந்தோர் சில ஆண்டுகளுக்கு மட்டும் வந்து போயினர். இம்மூவரின் அறிவும் ஓரிடத்தில் நிலைத்துக் கூடவில்லை. யப்பானின் விரிகுடாக்களில் முத்து வளர்ப்போனும் விலங்கியலாளனும் பின்னர் உயிரிரசாயனவியலாளனும் ஒரே சிப்பியைச் சுற்றி நூறாண்டுக்கு மேலாகக் கூடியிருந்தனர். தூத்துக்குடி அதனை அரை நூற்றாண்டு பிந்தித் தொடங்கியது. நமது கரையில், சிப்பியைக் கரைசேர்த்த அன்றே ஏலம் விட்டுவிடும் நடைமுறை, எதையும் ஆறியிருந்து பார்ப்பதற்கு இடம் வைக்கவில்லை.

கொட்டுக்களில் தசை அழிந்து முத்தும் பொறுக்கப்பட்ட பின்னர் ஓடுகளை அப்படியே கரையில் எறிந்துவிடுவர். மன்னார்ச் சிப்பியின் ஓடு மெல்லியதாகலின் அணிகலத் தொழிலுக்கு அது உதவாது. அரிப்புக்கும் கொண்டச்சிக்கும் இடையே இவ்வாறு பல நூற்றாண்டுகளாகக் குவிந்த ஓடுகள் பல மைல் நீளத்துக்குப் பல அடி தடிப்பில் மணலை மூடிக்கிடந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டோர் எழுதியுள்ளனர். நாக்ரீன் முத்தில் மட்டும் இருப்பதன்று. ஓட்டின் மினுங்கும் உட்படையிலும் உள்ளது. முத்தே இல்லாத சிப்பியின் ஓட்டிலும் அது உண்டு.